இளக்காரத்தில் ஓடிய வேன்

மலையிலிருந்து இறங்கி வரும் காற்றுகூட நின்று இரண்டு வார்த்தை பேச மனமில்லாமல் கடந்து போய்விடுகிற மேலப்பூவாணி என்னும் ஊரில், முப்பத்தொரு வருடங்களாக வண்டிகளின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, அங்கிருந்தபடியே உலகத்தைக் கவனித்து, அதில் உருப்படியானது ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்த மெக்கானிக் ஆவுடையப்பன், ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் பிலவேந்திரனின் பயணிகள் வேனுக்கு மாற்று டீசல் டேங்கு மாட்டினார். அன்றிலிருந்து அந்த வேன் டீசலில் ஓடுவதை விட்டுவிட்டு மனிதர்களின் இளக்காரத்தில் ஓடத் தொடங்கியது.

பழைய டேங்கின் அடிப்பக்கம் துருவேறி அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தது. ஒழுகும் இடமெல்லாம் சோப்புக்கட்டியை அப்பி அப்பி நான்கு மாதம் ஓட்டியிருந்தான் பிலவேந்திரன். அதைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, அதன் சொந்தக்காரனை ஏற இறங்கப் பார்த்தார் ஆவுடையப்பன்.

“என்னவே, இது குளிக்கிற சோப்பா, துவைக்கிற சோப்பா?”

“துவைக்கிறதுதான், அண்ணாச்சி.”

“நெனச்சேன். குளிக்கிற சோப்பு உம்ம வீட்டுல ஏது?”

மாற்று டேங்கு, சந்தைக்கோட்டையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு கடையிலிருந்து வந்தது. ஆவுடையப்பன் அதற்குள் வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, துவாரங்களை எல்லாம் அடைத்து, ஒரே ஒரு குழாய் வழியாக வாயை வைத்து ஊதி, தகடுகளைப் பற்றவைத்த ஓரங்களில் சோப்பு நுரை தடவி, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்த்தார். பம்பு வைத்துக் காற்றடிக்கும் மெக்கானிக்குகளை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிறகு இரண்டு இரும்புப் பட்டைகளில் டேங்கைத் தொட்டில் கட்டுவதுபோல் வண்டிக்கு அடியில் தூக்கிக் கட்டினார். டீசல் ஊற்றும் வாய் வெளிப்பக்கம் இருந்தால் ஊர்க்காரர்கள் குழாய் போட்டு உறிஞ்சிவிடுகிறார்கள் என்று பிலவேந்திரன் கண் கலங்கியதால், தரைத்தகட்டை வெட்டி, அந்த வாயைப் பின்சீட்டின் ஓரமாக வண்டிக்குள்ளேயே வரும்படி அமைத்துக் கொடுத்தார். வேலை முடிந்தபோது அதைப் பாராட்டும் அறிவு அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பதினேழு பேரில் ஒருவருக்கும் இல்லை.

டீசல் ஊற்றினார்கள். டேங்கு அதை, கஞ்சி பிடிக்காத குழந்தை துப்புவதுபோல், ஊற்றியவன் சட்டையிலேயே திரும்பத் துப்பிற்று. மூன்று முறை ஊற்றினார்கள். மூன்று முறையும் துப்பிற்று. பதினேழு பேரும் சிரித்தார்கள். தம் வேலையில் எது கோணினாலும் தம் தங்கை புருஷன் கொம்பையாவை இழுத்து வைத்து ஏசுவது ஆவுடையப்பனின் வெகுநாள் வழக்கம். ஆகவே அவர் டேங்கின் வாயருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“கொம்பையா கை வச்ச வண்டி கணக்கால்லா இருக்கு! ஸ்பேனரக் குடுத்தா அகப்பையப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற பய. அவனும் ஒரு மெக்கானிக்குனு பூமி தாங்குது பாரு.”

வேன் உறுமிக் கிளம்பிற்று. பிலவேந்திரன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ஒரு சொட்டு டீசல் இல்லாமல் அது சந்தைக்கோட்டைக்குப் பதினான்கு கிலோமீட்டர் போய், பதினான்கு கிலோமீட்டர் திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்று, இன்னும் வேண்டும் என்பதுபோல் ஒரு தும்மல் தும்மியது.

இந்தக் கொம்பையாவும் ஆவுடையப்பனும் ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள். இருபது வருடங்களுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு டெம்போவுக்கு டேங்கு மாட்டினார்கள். இடப்பக்கப் பட்டையை ஒருவரும் வலப்பக்கப் பட்டையை இன்னொருவரும் முடுக்கினார்கள். மறுநாள் ஒரு பட்டை கழன்று டேங்கு நடுரோட்டில் தீப்பொறி பறக்க இழுபட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கழன்றது கொம்பையா முடுக்கிய பட்டை என்று ஊர்க்கூட்டத்தில் ஆவுடையப்பன் சொன்னார். கொம்பையா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் கொம்பையாவிடம் ஒருவரும் வண்டி விடவில்லை. அவர் வடக்குத் தெரு முனையில் ஒரு பஞ்சர் கடை போட்டுக்கொண்டு ட்யூபுகளுக்கு ஒட்டுப் போட்டார். அவர் மனைவி சொர்ணம் அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தாய் செத்தபோதுகூடத் தெருவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள்.

வேனைக் கண்டு ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்குக் கொஞ்சமாவது மனவிரிவு வேண்டும். அது மேலப்பூவாணியில் விளைவதில்லை. வேன் எதில் ஓடுகிறது என்பதை முதல் ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில், யாருடைய இளக்காரம் எவ்வளவு தூரம் போகும் என்ற தர்க்கத்தில் இறங்கினார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பரமார்த்தலிங்கம் எதுகையும் மோனையும் வைத்து இழைத்த ஒரு வசையை எழுதியே கொண்டுவந்து டேங்கின் வாயில் படித்தார். வேன் ஒரு முழம் அசையவில்லை. அவருக்குத் தாம் திட்டியவனைவிடத் தம் வாக்கியத்தின் மேலேயே கண் இருந்தது. இரண்டு கட்சிக்காரர்கள் சேர்ந்து வந்து ஒருவர் தலைவரை ஒருவர் ஏசி முழங்கித் தள்ளினார்கள். டேங்கு ஓர் ஏப்பம் விட்டதோடு சரி. ஆனால், சுற்றிக் கொடுக்கும் பீடிகளைப் பாதிக்குப் பாதி கழிவென்று ஒதுக்கும் பீடிக்கடை செக்கரைப் பற்றித் தங்கபுஷ்பம் என்ற பீடி சுற்றும் பெண், உட்காரப் போகிற போக்கில், “அந்த மூஞ்சிக்கு மீசை ஒண்ணுதான் கேடு” என்று முணுமுணுத்ததில், வேன் உப்போடைப் பாலம் வரைக்கும் பாய்ந்து போயிற்று. கல்யாண வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டு வருகிற உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை என்பது பிலவேந்திரனின் அனுபவம்.

வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி வண்டிக்குள் பேசக்கூடாது என்று பஞ்சாயத்தில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதன் விளைவாக, எங்கேயும் போகவேண்டிய காரியம் இல்லாதவர்களும், தம் பெயர் டேங்குக்குள் விழுந்துவிடாமலிருக்கக் காலை முதல் மாலை வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வீடுகளில் ஓர் அமைதி படர்ந்தது. மருமகள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாலும் மாமியார்கள் வாயைத் திறக்காமல், “இருக்கட்டும், நாளைக்கு வேன்ல போகணும்” என்று மனத்துக்குள்ளேயே அதைப் பத்திரப்படுத்தினார்கள். பூசாரி டேங்கின் வாய்க்கு எலுமிச்சம்பழம் கட்டினார். கோயில்பிள்ளை உபதேசியார் அதே வாய்க்கு ஒரு செபம் சொன்னார். அவ்விருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்ததில் வேன் மூன்று கிலோமீட்டர் தானாகவே நகர்ந்தது.

இவ்வளவையும் பேசினார்களே தவிர, அந்த டேங்கு எவ்வளவு நேர்த்தியாக மாட்டப்பட்டிருக்கிறது, குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு சின்ன ஆட்டம் உண்டா என்று ஒரு பிள்ளை குனிந்து பார்க்கவில்லை. அற்புதம் என்றார்கள், அருள் என்றார்கள், பழைய வண்டியில் செத்தவனின் ஆவி என்றும் சிலர் சொன்னார்கள், வேலை என்று சொல்லவில்லை. இந்த ஜனங்களுக்கு ஒன்றைச் செய்து கொடுப்பதும், எருமைக்குக் கண்ணாடி காட்டுவதும் ஒன்றுதான் என்று ஆவுடையப்பன் எண்ணினார். அப்படி எண்ணியபடியே, ஊரின் சொந்தச் சரக்கு தீர்ந்துபோகிற நாட்களில் பிலவேந்திரன் வந்து கூப்பிட்டால் போய், டேங்கின் வாயில் குனிந்து, கொம்பையாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வருவார். அது போகவர இரண்டு நடைக்குத் தாங்கும். மாதம் போகப் போக வேன் அநேகமாக அந்த வாக்கியத்தில்தான் ஓடிற்று.

இதைக் கேள்விப்பட்ட கொம்பையா, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, “நல்லதுதான். என்னால ஊருக்கு ஒரு வண்டி ஓடுதுல்லா” என்றாராம்.

ஆவணி மாதத்தில், பெரிய முகூர்த்தம் ஒன்று வந்த நாளின் உச்சிவேளையில், அதே கொம்பையாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் பேருந்து நிறுத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஊரில் இருந்த இரண்டு ஆட்டோக்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஆம்புலன்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது, வந்து சேர ஒரு மணி நேரமாகும். பிலவேந்திரனின் வேன் ஒன்றுதான் நின்றது. அவரைப் பின்சீட்டில், டேங்கின் வாய்க்குப் பக்கத்தில் தலை வரும்படி கிடத்தினார்கள். சொர்ணம் காலடியில் உட்கார்ந்தாள். முன்பே ஏறியிருந்த தங்கபுஷ்பம் இறங்காமல் விசிறத் தொடங்கினாள்.

பட்டறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன், தாம் ஏன் ஏறுகிறோம் என்று தமக்கே காரணம் சொல்லிக்கொள்ளாமல், ஓடிப்போய் ஏறினார். சொர்ணம் அவரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பாராமலிருப்பதில் அவளுக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது.

டேங்கில் மிச்சமிருந்ததில் வேன் உப்போடைப் பாலம் வரை போய் நின்றுவிட்டது. சந்தைக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது.

“தங்கபுஷ்பம்க்கா, செக்கரச் சொல்லுங்க, சீக்கிரம்!” என்று கத்தினான் பிலவேந்திரன்.

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். எதிரே கொம்பையாவின் முகம் சாம்பலாகக் கிடந்தது. “இந்த நேரத்துல அவனப்போயி என்னத்தச் சொல்ல,” என்றாள் அவள். “அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா.” வேன் பின்னோக்கி அரையடி உருண்டது.

“அண்ணாச்சி, நீங்கதான் கதி. வழக்கமா சொல்றதச் சொல்லுங்க.”

ஆவுடையப்பன் குனிந்தார். டேங்கின் வாய்க்கும் கொம்பையாவின் வாய்க்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருந்தது. “ஸ்பேனரக் குடுத்தா…” என்று தொடங்கினார். “அகப்பையப் பிடிக்கிற மாதிரி…” வார்த்தைகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குள் இருக்கவேண்டியது மட்டும் இல்லை. எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. இருபது வருடம் வற்றாமல் ஊறிய கிணறு இப்படி ஒரு நொடியில் தரை தட்டிப்போகும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

கண்ணைத் திறக்காமலே கொம்பையா உதட்டை அசைத்தார்.

“ஒழுங்கா ஏசக்கூடத் தெரியலயே மச்சான். நீயெல்லாம்…”

வேன் குதித்துக் கிளம்பி இருநூறு கஜம் ஓடிற்று.

ஆவுடையப்பனுக்கு விளங்கிவிட்டது. அந்த வண்டிக்குள் அப்போது இரக்கமில்லாத மனிதன் ஒருவன்தான் இருந்தான். அவன் சாகக் கிடந்தான். அவனுக்கு இளக்காரம் ஊற வேண்டுமானால் அதற்குத் தீனி போட வேண்டும். அந்தத் தீனி தம்மிடம் மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துப் போட்டால் முப்பத்தொரு வருடத்துப் பெயர் போய்விடும். தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்த ஒன்று பொழுது சாய்வதற்குள் எட்டு ஊரைச் சுற்றி வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். வேன் மறுபடி தயங்கியது. சொர்ணம் புருஷனின் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ள,” என்றார் ஆவுடையப்பன். “பஞ்சாயத்து ஜீப்புக்கு கியர்பாக்ஸ் பாத்தேன்லா. பூட்டி முடிச்சப்புறம் ரெண்டு வாஷர் மிச்சம் இருந்துச்சு. எதுலனு தெரியல. கிணத்துல போட்டுட்டேன்.”

கொம்பையாவின் மூக்கு சுருங்கிற்று. “எதுலனு… தெரியலயோ?”

ஒன்றரைக் கிலோமீட்டர்.

“டாக்டரம்மா கார்ல பிரேக்குச் சத்தம்னு ஒரு வாரம் வச்சிருந்தேன். கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க முடியல. ரேடியோவச் சத்தமா வச்சுக் குடுத்துட்டேன்.”

“ம்ஹும்,” என்றார் கொம்பையா. அந்த ‘ம்ஹும்’ பனங்காட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டது.

“அவரப் பேச வைக்காதீங்க, மூச்சு வாங்குது!” என்று முதல்முறையாகக் குரலெடுத்தாள் சொர்ணம். யாரிடம் சொன்னாளோ, ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“பேசவேண்டாம் மாப்ள, சும்மா ஒரு செருமல் போதும்,” என்ற ஆவுடையப்பன், பிறகு நிறுத்தவே இல்லை. ஆயில் மாற்றாமலே மாற்றியதாகச் சொன்ன டிராக்டர்களைச் சொன்னார். வெளியூர்ப் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கிவந்து, தாம் செய்ததாகக் காட்டிய எஞ்சினைச் சொன்னார். ஊரே கொண்டாடுகிற இதே டேங்குக்குப் பட்டையின் அடியில் ரப்பர் வைக்க மறந்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சொருகியதைச் சொன்னார். “சைக்கிள் ட்யூபா!” என்று கொம்பையா முழுக் கண்ணையும் திறந்ததில், அவர் ட்யூபுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் அல்லவா, வேன் ஒரே மூச்சில் சந்தைக்கோட்டை எல்லைக்குள் நுழைந்தது. தங்கபுஷ்பம் விசிறுவதை நிறுத்திவிட்டு வாயில் கைவைத்திருந்தாள். பிலவேந்திரன் கண்ணாடியில் பார்த்த பார்வையில் முன்பிருந்த மரியாதை இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. மேட்டின் பாதியில் கொம்பையாவின் கண்கள் செருகின. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து செருமல் வரவில்லை. வேன் திணறிற்று. ஆவுடையப்பனிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை அவர் தமக்குள்ளேகூட இதுவரை வார்த்தையாக்கிச் சொல்லிக்கொண்டதில்லை.

“மாப்ள, அந்த டெம்போ. கழண்டது இடப்பக்கப் பட்டை. அது நான் முடுக்குனது. ரெண்டாவது நட்டு போடல. போடணும்னு நெனச்சு, டீ வந்துச்சு, குடிக்கப் போயிட்டேன்.”

கொம்பையா மெல்லத் தலையைத் திருப்பி மைத்துனரைப் பார்த்தார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான்,” என்றார். “கூட்டத்துல சொல்லிருந்தா நீ தாங்கிருக்க மாட்ட.”

அதில் இளக்காரம் ஓர் அணுவளவும் இல்லை. எஞ்சின் பட்டென்று நின்றது. வேன் மேட்டின் பாதியில் தொங்கிற்று. இருபது வருடமாக எவனைக் காலடியில் போட்டு மிதித்ததாக எண்ணியிருந்தாரோ அவனுடைய இரக்கத்தில்தான் இருபது வருடமும் குடியிருந்திருக்கிறோம் என்பது ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் விழுந்த அடியைப்போல் உறைத்தது. பிலவேந்திரன் பிரேக்கை மிதித்துக்கொண்டு, “யாராவது எதையாவது சொல்லுங்களேன்!” என்று அழாக்குறையாகக் கெஞ்சினான்.

சொர்ணம் புருஷனின் பாதத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்து வந்தாள். அண்ணனைக் கையால் ஓரமாகத் தள்ளினாள். டேங்கின் வாய்க்கு மேலே குனியக்கூட இல்லை. நின்றபடியே முதலில் ஒருவரையும் பிறகு மற்றவரையும் பார்த்தாள்.

“ஒருத்தன் பொய் சொல்லிருக்கான். ஒருத்தன் தெரிஞ்சே வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கான். ரெண்டு பேரும் அவனவன் பெருமையத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கீய. நான் என் அம்மை மூஞ்சியக்கூடப் பாக்காம தெருவுல நின்னேன். த்தூ. நீங்களும் ஆம்பளையளா.”

வேன் கிளம்பவில்லை, எறியப்பட்டது. மேட்டைத் தாண்டி, திறந்திருந்த இரும்புக் கேட்டைத் தாண்டி, வரிசையில் நின்றவர்கள் சிதறி ஓட, அவசரப் பிரிவின் வாசலில் படிக்கட்டை முட்டுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் தானாக நின்றது. சக்கர வண்டியில் கொம்பையாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சொர்ணம் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே ஓடினாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் அந்த வண்டியை முதலில் அணையுங்கள் என்றார்.

அணைக்க முடியவில்லை. பிலவேந்திரன் சாவியைப் பிடுங்கிப் பார்த்தான். பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தான். வேன் ஒரு நடுக்கமும் இல்லாமல், புகையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் ஓடிற்று, மறுநாளும் ஓடிற்று. அதற்குள் எல்லாக் கதையும் தெரிந்துகொண்டுவிட்ட மேலப்பூவாணிக்காரர்கள், நோயாளியைப் பார்க்க என்ற பெயரில் கூட்டம் கூட்டமாக வந்து, ஆவுடையப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கள் ஜீப்பின் வாஷரைக் கேட்டுப் பஞ்சாயத்துத் தலைவரே வந்தார். ஆவுடையப்பன் வேனின் படியில் உட்கார்ந்து, அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கையால் ஓடிய எந்த எஞ்சினும் இவ்வளவு சீராக ஓடியதில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக் காவலாளி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“யோவ் பெரியவரே, நீருதான் மெக்கானிக்காமே. எத்தனை தடவ சொல்றது? வண்டிய ஆஃப் பண்ணும்.”

“என்னால ஆகாதுங்க,” என்றார் ஆவுடையப்பன். “அது என் தங்கச்சி போட்டது. அவ வந்து மனசு வச்சாத்தான் நிக்கும்.”

மாடி ஜன்னலில், புருஷனுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சொர்ணத்துக்கு, கீழே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. அவள் இறங்கி வருகிற அவசரத்தில் இல்லை.